தங்க லாடம் ஒட்டிய பெட்டி: யூ-99 நீர்மூழ்கி மாடல் கிட், வாங்கலாமா?

பெட்டியின் மூடியில் தங்க நிற லாடம் ஒன்று. அதற்குக் கீழே 'யூ-99, ஓட்டோ க்ரெட்ஷ்மர், 1940' என்று பெரிய எழுத்து. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது 7-சி வகை நீர்மூழ்கி. இரண்டாம் உலகப்போரின் ஜெர்மன் நீர்மூழ்கித் தலைவர் க்ரெட்ஷ்மர் ஓட்டிய யூ-99 7-பி வகை. இரண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான், ஆனால் ஒன்றல்ல. இது தெரிந்து வாங்குகிறவருக்கு 3,000 ரூபாய்க்கு நல்ல சரக்கு. தெரியாமல் வாங்கி, செய்முறைத் தாளில் உள்ளபடியே ஒட்டி முடித்தால் லாடம் மட்டும்தான் யூ-99-உடையதாக இருக்கும். மற்றதெல்லாம் வேறு படகு, வேறு வருஷம்.

அளவு 1/144. அசல் 7-சி 67.1 மீட்டர் நீளம், கிட் ஒட்டியபின் 466 மி.மீ. வருகிறது, கணக்கு சரி. பூக்காரர் கையில் ஒரு முழம் என்று வைத்துக்கொள்ளலாம். பாலக்காட்டிலும் கோவையிலும் பொம்மைக் கடைகளோடு சேர்ந்த ஹாபி கடைகளில் கிடைக்கிறது. கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், வேலந்தாவளம் பக்கத்துப் பள்ளிகளில் கண்காட்சிக்கு வைக்க ஏற்ற அளவு.

ஜெர்மன் போர்க்கப்பல் என்றாலே நம் பக்கம் வாயில் வருவது 'எம்டன்'. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திய கப்பல். அதிலிருந்துதான் தமிழில் 'அவன் ஒரு எம்டன்' என்கிறோம், எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தில் பெரியதை எல்லாம் 'யமண்டன்' என்கிறார்கள். ஆனால் எம்டன் நீர்மூழ்கி இல்லை, முதல் உலகப்போரின் க்ரூஸர். இந்தக் கிட்டை 'எம்டன் கப்பல்' என்று எழுதி வைத்துவிடாதீர்கள்.

எந்த மாடலையும் கையில் எடுக்குமுன் அசல் என்ன வேலை செய்தது என்று பார்க்க வேண்டும். யூ-99 கீல் நகரத்து கெர்மானியா கப்பல்தளத்தில் கட்டப்பட்டு, 1940 ஏப்ரல் 18 அன்று படையில் சேர்ந்தது. க்ரெட்ஷ்மர் அதற்கு முன்பு யூ-23 என்ற சிறிய 2-பி வகைப் படகில் இருந்தார். அதை வைத்துக்கொண்டே 1940 ஜனவரியில் ஆர்க்னித் தீவோரம் 'டான்மார்க்' என்ற 10,517 டன் எண்ணெய்க் கப்பலையும், பிப்ரவரி 18 அன்று 'டேரிங்' என்ற பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் போர்க்கப்பலையும் மூழ்கடித்தார். யூ-99 கைக்கு வந்ததும் பிரான்சின் லோரியான் துறைமுகத்தைத் தளமாக்கிக்கொண்டு அட்லாண்டிக்கில் இறங்கினார். 1941 மார்ச்சுக்குள் அந்த ஒரே படகால் 38 கப்பல்கள் போயின. இரண்டாம் உலகப்போரில் வேறெந்த நீர்மூழ்கித் தலைவரும் அவ்வளவு டன் கப்பல்களை மூழ்கடிக்கவில்லை.

அதை அவர் எப்படிச் செய்தார் என்பதில்தான் இந்தக் கிட்டின் குறையும் இருக்கிறது, அதைச் சரிசெய்யும் வழியும் இருக்கிறது. பெட்டிக்குள் வரும் துண்டுத்தாளில் க்ரெட்ஷ்மர் பெரிஸ்கோப்பில் கண்ணை வைத்திருப்பதுபோலப் படம். அவர் முறை அதற்கு நேர் எதிர். இரவில், கடல் மட்டத்திலேயே, வணிகக் கப்பல் வரிசைகளுக்கு நடுவே படகை ஓட்டிக்கொண்டு போய், கிட்டத்தில் நின்று ஒரு கப்பலுக்கு ஒரு டார்பிடோ. காரணம் எளியது. நீருக்கடியில் 7-பி முட்டி மோதினாலும் மணிக்கு 8 கடல்மைல் (நாட்) வேகம், அதுவும் கொஞ்ச நேரம்தான், பாட்டரி தீர்ந்துவிடும். மேலே டீசலில் ஓடினால் 17.9 நாட். காவலுக்கு வந்த ஃபிளவர் வகை கார்வெட் என்ற சின்னப் போர்க்கப்பலே 16 நாட்தான் ஓடும். நீருக்கடியில் இருப்பதை ஒலியால் தேடும் ஆஸ்டிக் கருவி, மேலே மிதக்கும் படகைப் பிடிப்பது அரிது. தாழ்ந்த உடம்பு, சின்ன கோபுரம். இருட்டில் கப்பல் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்கு அலையா படகா என்று தெரியாது. 1940 அக்டோபர் 18-19 இரவு எஸ்.சி. 7 என்ற வணிகக் கப்பல் தொடரில் அவர் மட்டும் ஆறு கப்பல்களை மூழ்கடித்தது இப்படித்தான். 35 கப்பல்களோடு கிளம்பிய அந்தத் தொடர் 20-ஐ இழந்தது.

ஆகவே இந்த மாடலைப் பெரிஸ்கோப் நீட்டி, மூக்கைக் கீழே சாய்த்து, தாங்கியில் நிறுத்தினால் வேறு யாரோ ஒருவரின் படகாகிவிடும். பெரிஸ்கோப் இரண்டையும் உள்ளே இறக்கியபடி ஒட்டுங்கள். கிட்டில் நீட்டியபடி இருக்கும் பாகத்தைக் கோபுர மட்டத்துக்கு 2 மி.மீ. மேலே விட்டு வெட்டினால் போதும். அதற்குப் பதில் கோபுரத்தின் மேல் ஆட்கள் நிற்கும் திறந்த இடமான பாலத்தின் முன்பாதியில் நிற்கும் குறிபார்க்கும் தூண் கவனத்துக்கு வர வேண்டும். ஜெர்மானியர் அதை 'யு-இசட்-ஓ' என்பார்கள். நீர் புகாத கனத்த பைனாகுலரை அதன் தலையில் மாட்டி, அதிகாரி குறி வைப்பார். கோணம் கீழே இருக்கும் கணக்குக் கருவிக்குப் போகும். கிட்டில் இந்தத் தூண் வெறும் மொட்டையாக வருகிறது. மார்பளவு உயரம், அதாவது 9 மி.மீ. இருந்தால் சரி. தலையில், பாகங்கள் ஒட்டிவரும் பிளாஸ்டிக் சட்டத்தின் கழிவிலிருந்து 1.5 மி.மீ. நீளத்தில் இரண்டு துண்டு சீவி, பக்கத்தில் பக்கமாக ஒட்டுங்கள். பார்ப்பவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

இனி உடம்பு. 7-சி என்பது 7-பி-யை நடுவில் 60 செ.மீ. நீட்டியது. இந்த அளவில் அது 4.2 மி.மீ. இதற்காக முழு உடம்பையும் நடுவில் அறுத்து ஒட்டச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம். 466 மி.மீ.-இல் நாலு மி.மீ. குறைவதைக் கண் பிடிக்காது. அறுத்து ஒட்டிய தையல் கோணலாகப் போனால் உடனே பிடிக்கும். கோபுரம் அப்படி இல்லை. 7-சி-யில் கோபுரமும் 30 செ.மீ. நீண்டது, இங்கே 2 மி.மீ. கோபுரமே மூன்று விரல் அகலம்கூட இல்லாத சின்னப் பாகம் என்பதால் இந்த 2 மி.மீ. நன்றாகத் தெரியும். பின்பாதியில் செங்குத்தாக ஒரே ஒரு அறுப்பு போதும். ரம்பப் பல்லே 1 மி.மீ. தின்றுவிடும். மீதி 1 மி.மீ.-ஐ 400 நம்பர் உப்புத்தாளில் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துத் தேய்த்து எடுங்கள். இரண்டு கோடு போட்டு இரண்டு தடவை அறுத்தால் கோபுரம் குட்டையாகிவிடும். இந்தப் பாகத்துக்கு மாற்று உதிரி கிடைக்காது.

கோபுரத்தின் பின்னால் கிட் தருவது அகலமான இரட்டை மேடையும், பல விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும். விமானங்கள் நீர்மூழ்கிகளை வேட்டையாடத் தொடங்கியபின் வந்த ஏற்பாடு அது. யூ-99 அதற்குள் கடலடியில் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒற்றை 2 செ.மீ. துப்பாக்கியும் சின்ன வட்ட மேடையும்தான் சரி. நல்லவேளையாகச் சின்ன மேடையும் அதே சட்டத்தில் 'உபயோகிக்க வேண்டாம்' என்ற குறியோடு வருகிறது. அதையே உபயோகியுங்கள். நீருக்கடியில் இருந்தபடியே காற்று இழுக்கும் ஸ்னோர்க்கல் குழாய் ஒன்றும் தந்திருக்கிறார்கள். 1944-இல் பரவலான பொருள் அது, பெட்டியிலேயே கிடக்கட்டும்.

முன்தளத்து 8.8 செ.மீ. பீரங்கி நன்றாக வார்த்திருக்கிறது. குழல் நீளம் 27.5 மி.மீ. வர வேண்டும், வருகிறது. வாயை மட்டும் 0.6 மி.மீ. துளைபிட்டால் கையாலேயே குடையுங்கள். மெஷினில் போட்டால் சூட்டில் பிளாஸ்டிக் உருகிப் பிட்டைக் கவ்விக்கொள்ளும். சர்க்யூட் போர்டுக்கு உபயோகிக்கும் துளைபிட் கோவையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். 0.5, 0.6 இரண்டும் வாங்கி வையுங்கள். உடம்பின் பக்கவாட்டில் நீர் வடியும் துளை வரிசை குழியாக மட்டும் இருக்கிறது, திறக்கவில்லை. எல்லாவற்றையும் திறக்க வேண்டாம். துளை அமைப்பு கப்பல்தளத்துக்குத் தளம் மாறும், கிட்டில் இருப்பது கெர்மானியா தளத்து வரிசையும் அல்ல. கறுப்பு மையை நீர்க்கக் கரைத்து ஊற்றித் துடைத்தால் ஆழம் கிடைத்துவிடும்.

இடது வலது பாதிகளை இணைப்பதில்தான் பெரும்பாலானவர்களுக்குக் கிட் கெடுகிறது. நடுவில் பாதி வளைந்து, 1 மி.மீ. வரை வாய் திறந்து நிற்கிறது. அழுத்திப் பிடித்து ஃபெவிக்விக் போட்டால் அப்போது பிடிக்கும், ஒரு வாரத்தில் அந்த இறுக்கமே விரிசலாகத் திரும்பும். பிளாஸ்டிக் சிமென்ட்டைத் தூரிகையால் தொட்டு, மூக்கிலிருந்து 5 செ.மீ. 5 செ.மீ. ஆக ஒட்டிப் போங்கள். பழைய சைக்கிள் டியூப்பை வளையமாக நறுக்கி மாட்டினால் ரப்பர்பேண்டைவிடச் சீராக அழுத்தும். 24 மணி நேரம் தொடாதீர்கள். இடைவெளியில் எம்சீல் வைப்பவர்கள் கவனிக்க: அது காய்ந்தால் பிளாஸ்டிக்கைவிடக் கெட்டி. தேய்க்கும்போது எம்சீல் அப்படியே நிற்கும், பக்கத்துப் பிளாஸ்டிக் பள்ளமாகிவிடும். மாடல் புட்டியே சரி. 400, பிறகு 800, கடைசியில் 1000 நம்பர் வாட்டர் பேப்பர். கார் பெயின்ட் கடை என்.சி. தின்னரால் பிசிறைத் துடைக்க வேண்டாம், உடம்பே கரையும்.

ப்ரொப்பெல்லர் இரண்டும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம். மாற்றிப் போட்டால் கண்காட்சியில் யாராவது ஒருவர் நிச்சயம் கண்டுபிடிப்பார். சட்டத்திலிருந்து வெட்டும்போதே ஒன்றில் பேனாப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

வர்ணத்துக்கு வருவோம். செய்முறைத் தாள் கீழ்ப்பாகத்துக்குச் செங்கல் சிவப்பு சொல்கிறது. வேண்டாம். கீழே கருஞ்சாம்பல், மேலே வெளிர்சாம்பல், மரச்சட்டம் போட்ட மேல்தளம் ஏறத்தாழக் கறுப்பு. துரு விஷயத்தில் கை அடக்கம் வேண்டும். படையில் சேர்ந்ததிலிருந்து மூழ்கியது வரை யூ-99-இன் ஆயுள் 11 மாதம்தான். டார்பிடோ 14-உம் தீர்ந்ததும் துறைமுகம் திரும்பிவிடும் படகு. பத்து வருஷம் உப்பில் கிடந்த மீன்பிடி போட் மாதிரி துரு பூசினால் பொய்யாக இருக்கும். பீரங்கி அடியிலும் நங்கூர வாயிலும் ஒரு கீற்று, கோபுரத்தில் வெள்ளை உப்புக் கோடு, அவ்வளவு போதும்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. காற்றடிக்கும் மாதங்களில் திறந்த வாசலில் ஸ்ப்ரே அடித்தால் வர்ணம் பிளாஸ்டிக்கில் விழுமுன்பே பாதி காய்ந்து, தொட்டால் சொரசொரவென்று மணல் பூசினது போல நிற்கும். அறைக்குள், அட்டைப் பெட்டியைப் படுக்கவைத்து அதற்குள் அடியுங்கள். ஜூன், ஜூலை மழையில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் காற்றின் ஈரம் படிந்து வெண்மை பூத்துவிடும். மழை நிற்கும் நாளுக்குக் காத்திருங்கள், அல்லது எனாமலுக்கு மாறுங்கள். எனாமல் அந்த மாதங்களில் காய 48 மணி நேரம் எடுக்கும்.

லாடத்துக்கு இப்போது வரலாம். 1940-இல் யூ-99 நங்கூரத்தைத் தூக்கியபோது அதில் இரண்டு லாடங்கள் மாட்டிக்கொண்டு வந்தன. அதையே சின்னமாக்கிக் கோபுரத்தின் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டார்கள். பொள்ளாச்சிச் சந்தைப் பக்கம் லாடம் அடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மாட்டுக்குளம்பு பிளவுபட்டது என்பதால் மாட்டு லாடம் இரண்டு துண்டு. இது குதிரை லாடம், ஒரே வளைவு. கிட்டின் டெக்கால் (நீரில் நனைத்து ஒட்டும் படம்) தாளில் லாடம் 7 மி.மீ. உயரம். ஆணித் துளைகள்கூடக் கூர்மையாகத் தெரிகின்றன, ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு, மஞ்சளில் பச்சை ஏறாமல் சுத்தமான பொன் நிறம். அச்சு உயர்ந்த தரம். ஆனால் செய்முறைத் தாள் அதை வாய் மேலே பார்க்க ஒட்டச் சொல்கிறது. யூ-99-இல் லாடத்தின் வாய் கீழே பார்த்தது. தலைகீழாகத் திருப்பி ஒட்டுங்கள். அதே தாளில் 'யூ 99' என்று வெள்ளை எழுத்தும் இருக்கிறது. கோபுரத்தில் எண் எழுதும் வழக்கம் போர் தொடங்கியதும் நின்றுவிட்டது. யூ-99 போருக்கு நடுவில் வந்த படகு, எண் ஒட்டக் கூடாது.

டெக்கால் ஊறவைக்க நம் பக்கத்து போர்வெல் தண்ணீரை எடுக்காதீர்கள். காய்ந்ததும் லாடத்தைச் சுற்றி வெள்ளைப் படிவம் நிற்கும், துடைத்தால் டெக்காலும் வரும். பாட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கிண்ணம் போதும். 20 விநாடி நனைத்து, ஒரு நிமிஷம் வெளியே வைத்து, நகர ஆரம்பித்ததும் தள்ளுங்கள். அடியில் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு இல்லாவிட்டால் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும்.

துண்டுத்தாளின் வரலாற்றுப் பகுதி இந்தப் பெட்டியிலேயே மட்டமான பொருள். 'ஒரு டார்பிடோ, ஒரு கப்பல்' என்பதை ஒருமுறைகூடத் தவறாத விதிபோல எழுதியிருக்கிறார்கள். 1940 நவம்பர் 3-4 இரவு 'லாரென்டிக்', 'பாட்ரோக்லஸ்' என்ற இரண்டு ஆயுதந்தாங்கிய வணிகக் கப்பல்களை மூழ்கடிக்க அவருக்குப் பல டார்பிடோக்கள் தேவைப்பட்டன. மிதப்பதற்காக உள்ளே காலிப் பீப்பாய்களை அடுக்கி வைத்திருந்த கப்பல்கள் அவை. தாளில் டன் கணக்கு மட்டும் இருக்கிறது, ஆள் கணக்கு இல்லை. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அன்று நம் நாட்டு மாலுமிகள் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். 1940 செப்டம்பரில் யூ-48 என்ற இன்னொரு படகு மூழ்கடித்த 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பலில், பாதுகாப்புக்காகக் கனடா அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேரோடு இந்திய மாலுமிகளும் ஏராளமாக இறந்தார்கள். பள்ளியில் இந்த மாடலை வைப்பவர்கள் பக்கத்து அட்டையில் இதை எழுத வேண்டும்.

முடிவையும் தாள் தவறாகச் சொல்கிறது, க்ரெட்ஷ்மர் படகோடு போனாராம். நடந்தது வேறு. 1941 மார்ச் 17 அதிகாலை, எச்.எக்ஸ். 112 என்ற கப்பல் தொடரில் ஐந்து கப்பல்களை மூழ்கடித்து, டார்பிடோ தீர்ந்து திரும்பும் வழியில் டெஸ்ட்ராயர் ஒன்று எதிர்ப்பட்டது. கண்காணிப்பில் இருந்த அதிகாரி படகை நீருக்கடியில் இறக்கி மறைக்க உத்தரவிட்டார். மேலேயே நின்று வேகத்தில் தப்ப வேண்டும் என்பது க்ரெட்ஷ்மரின் நிலையான ஆணை. நீருக்கடியில் இறங்கியதும் ஆஸ்டிக்கின் கைக்குள் வந்தாயிற்று. டொனால்ட் மாக்கின்டயரின் 'வாக்கர்' கப்பல் போட்ட ஆழ்வெடிகளில் படகு உடைந்து மேலே வந்தது. 'என் ஆட்களைக் காப்பாற்றுங்கள்' என்று விளக்கு சமிக்ஞை அனுப்பினார். 40 பேர் பிழைத்தார்கள், மூவர் இறந்தார்கள். படகு முழுசாக எதிரி கையில் சிக்காமல் மூழ்கட்டும் என்று உள்ளே திரும்பிப்போன தலைமைப் பொறியாளர் ஷ்ரோடர் அந்த மூவரில் ஒருவர். அதே இரவில் சற்று முன்பு யூ-100 என்ற இன்னொரு ஜெர்மன் படகை 'வனோக்' கப்பல் ரேடாரில் கண்டு மோதி மூழ்கடித்திருந்தது. இருட்டில் மேலே மிதக்கும் முறைக்கு அன்றே எதிரி வந்துவிட்டது. க்ரெட்ஷ்மர் கனடாவின் பௌமன்வில் முகாமில் கைதியாக இருந்து, 1947-இல் விடுதலையாகி, பின்னாளில் மேற்கு ஜெர்மன் கடற்படையில் அட்மிரல் வரிசை வரை போய், 1998-இல் இறந்தார்.

தாங்கியை விட்டுவிட்டுக் கடலில் மிதக்கவைப்பதே இந்த மாடலுக்கு அழகு. அடியிலிருந்து 33 மி.மீ. உயரத்தில் சுற்றிலும் கோடு இழுங்கள், மிதக்கும்போது நீர்மட்டம் அதுதான். தெர்மாகோல் பலகையில் அந்த வடிவத்துக்குப் பள்ளம் வெட்டி, வால் புட்டியில் அலை எழுப்பி, கருநீலத்தில் கறுப்பு கலந்து தண்ணீர் கலக்கும் வர்ணத்தில் பூசுங்கள். தின்னர் வர்ணம் தெர்மாகோலைத் தின்றுவிடும். மூக்கிலும் பின்வாலிலும் மட்டும் வெள்ளை நுரை.

கோபுரத்திலிருந்து மூக்குக்கும் வாலுக்கும் போகும் மேல்கம்பி முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இரண்டு. கிட் தரும் நூல் பிசிறடிக்கும், தூக்கி எறியுங்கள். மீன்பிடிக்கும் தங்கூசியில் ஆக மெல்லியது, 0.12 மி.மீ., கறுப்பு மார்க்கரால் ஒருமுறை இழுத்துவிட்டுக் கட்டுங்கள். முன்கம்பியைக் கடைசியாகக் கட்டினால் வேலை செய்யும் கை அதில் மாட்டாது. மார்ச், ஏப்ரல் வெயிலில் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர்கள் மாடலை மூடிய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். பாலக்காட்டுச் சூட்டில் உடம்பு நடுவில் வளையும், இறுக்கிக் கட்டிய கம்பி அந்த வளைவை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பஸ்ஸில் மடிமேல் வைத்துக் கொண்டுபோவது உத்தமம்.